உறையிலிருந்து பிரிக்காதீர்கள்

வாஷிங்டன்-பிராங்க்ளின் வரிசைத் தபால்தலைகளை (அவ்விருவர் படத்தோடு 1908 முதல் வந்த அமெரிக்கத் தலைகள்) தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து வாட்டர்மார்க் (காகிதத்துக்குள் இருக்கும் நீர்க்குறி) பார்க்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. உறையோடு கிடைத்ததை ஒருபோதும் அப்படிச் செய்யக்கூடாது. உறையும் அஞ்சல் முத்திரையும் சேர்ந்துதானே அதன் மதிப்பு!

ஒட்டியபடியே பார்க்க நிறைய இருக்கிறது. முதலில் தேதி. உள்நாட்டுக் கடிதக் கட்டணம் 1917 நவம்பர் 2 முதல் 3 சென்ட். 1919 ஜூலை 1-ல் மீண்டும் 2 சென்ட். 1918 உறையில் 2 சென்ட் தலை மட்டும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வேறொன்று உதிர்ந்திருக்கலாம், பின்னால் யாரோ மாற்றி ஒட்டியிருக்கலாம், உறை மூடாத அச்சு அஞ்சலாகவும் இருக்கலாம்.

அடுத்தது தலையின் ஓரத்துப் பல் எண்ணிக்கை. 2 செ.மீ. நீளத்தில் 12, 10, 11 என்று மாறும். ஒளி ஊடுருவும் அளவுகோலை மேலே வைத்தே எண்ணிவிடலாம். பிறகு படத்தின் அளவு. சுழல் அச்சில் (தகட்டை உருளையில் பொருத்தி அச்சிடுவது) தகடு வளைவதால் படம் ஒரு பக்கமாக நீளும். இதற்கு அடுத்த வரிசையில் வந்த 1923-ன் பச்சை 1 சென்ட் பிராங்க்ளின், நான்கு பக்கமும் 11 பல் உள்ளது, சாதாரணமாக 19 மி.மீ.க்கு மேல் அகலம் போகாது. அதே தலை 19¾ மி.மீ. வந்தால் அது ஸ்காட் தபால்தலைப் பட்டியலின் 594-ஆம் எண், அபூர்வம். முக்கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பள்ளிக்கூட ஸ்கேல் உதவாது.

காயில் தலைகளில்தான் (சுருளாக விற்றவை, இரு எதிர்ப்பக்கம் பல் இருக்காது) ஏமாற்று அதிகம். தாளாக விற்ற சாதாரணத் தலையின் இரு எதிர்ப்பக்கப் பற்களை வெட்டினால் போலி காயில் தயார். வெட்டிய ஓரங்கள் இணையாக இல்லாமலோ, அகலம் குறைந்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். தலை பின்னால் மாற்றி ஒட்டியதா என்றறிய, முத்திரைக் கோடு தலையிலிருந்து உறைக்கு உடையாமல் ஓடுகிறதா என்றும் லென்ஸில் பாருங்கள்.