முதலில் ஆடியவர்களுக்கு முதல் மரியாதை

கல்லூரி அணிகளின் முன்னாள் வீரர்களைக் கௌரவிக்கும் விழாக்கள் குறித்து எனக்கு நெடுநாளாக ஓர் ஆதங்கம் உண்டு. கோப்பை வென்ற ஆண்டின் அணியைத் தேடிப்பிடித்து மேடையேற்றுகிறார்கள். ஆடுவதற்குக் களமும் எதிரணியும் கிடைக்காத காலத்தில் அணியைத் தொடங்கியவர்களைக் கடைசி வரிசையில்கூட உட்கார வைப்பதில்லை.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியை இதற்காகவே நினைவூட்ட விரும்புகிறேன். 1964 வாக்கில் அங்கே பெண்கள் படித்தது பெம்புரோக் என்ற தனிக் கல்லூரியில். நான்சி ஷீஃபெலின் என்ற மாணவி கவசங்களை எல்லாம் மாட்டிக்கொண்டு, ஆண் வீரரைப் போன்ற தோற்றத்தில் ஆண்கள் அணியின் பயிற்சியில் கலந்துகொண்டார். அவரை அப்படி அழைத்தவர் ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபுல்லர்டன்; பெண்களுக்கென ஓர் அணி அமைய ஊக்கம் தந்தவரும் அவரே. 1964 இல் உருவான அந்தப் ‘பெம்புரோக் பாண்டாஸ்’ அணிதான் அமெரிக்காவின் முதல் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி. தன் திறமையைக் காட்டவே ஒரு பெண் தன் அடையாளத்தை மறைக்க வேண்டியிருந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறவில்லை.

ஐஸ் ஹாக்கி செலவு பிடித்த ஆட்டம். பனித்தரையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஸ்கேட், மட்டை, தோள் கவசம், கையுறை என ஒவ்வொருவருக்கும் முழுத் தொகுப்பு வேண்டும். கோல் காப்பவருக்கோ தடித்த கால் கவசமும் முகமூடியும் தனியே வேண்டும். பாண்டாஸ் வீராங்கனைகள் கவசங்களை இரவல் வாங்கினார்கள், களவாடகைக்குத் தாங்களே பணம் திரட்டினார்கள். எதிர்த்து ஆட நாட்டில் வேறு கல்லூரிப் பெண்கள் அணியே இல்லாததால், கல்லூரிக்கு வெளியே இயங்கிய மகளிர் குழுக்களை நாடினார்கள்.

கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972 இல்தான் வந்தது. 1998 இல் நாகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்று, அமெரிக்கா தங்கம் வென்றபோது, அந்த அணியில் பிரவுனில் ஆடிய டாரா மவுன்சியும் கேட்டி கிங்கும் இருந்தார்கள். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான ஐஸ் ஹாக்கி வாகையர் போட்டியைத் தொடங்கியது 2001 இல். சட்டத்தால்தான் எல்லாம் நடந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். சட்டத்தின் பங்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அது வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, யாருடைய ஆணையும் இல்லாமல் ஆடத் தொடங்கியவர்களை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது.

அதிகாரபூர்வ அணியில் ஆடியவர்களுக்குக் கல்லூரிப் பெயரின் முதலெழுத்தைத் துணியில் தைத்து வழங்குவது அமெரிக்க வழக்கம். மேற்சட்டையில் பதித்துக்கொள்ளும் அந்த எழுத்தை வாங்குவது மாணவர்களுக்குப் பெரிய பெருமை. அங்கீகாரம் பெறாத அணிகளில் ஆடிய பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தேனும் சில பல்கலைக்கழகங்கள் அத்தகைய முன்னோடிகளை அழைத்து அந்த எழுத்தை வழங்கியிருக்கின்றன. எல்லாக் கல்லூரிகளும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெறும் விருந்தோடு இது முடிந்துவிடக் கூடாது. அவர்கள் ஆடிய ஆட்டங்களும், தோற்றவை உட்பட, அணியின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் ஏற வேண்டும். பழைய புகைப்படங்களில் இருப்பவர்களின் பெயர்களை அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். 1964 இல் மாணவிகளாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது வயதை ஒட்டி இருக்கும். ஆகவே, பொன்விழா, வைரவிழா என்று நாள் பார்த்துக்கொண்டிராமல் இந்த ஆண்டே அழையுங்கள்.