வியன்னாவில் ஒரே கேக்கை இரண்டு கடையில் சாப்பிடுங்கள்

வியன்னா போகிறவர்கள் கையில் ஒரு பட்டியலோடு ஒரே நாளில் ஆறு கடை, ஆறு விதக் கேக் என்று ஓடுகிறார்கள். மூன்றாவது கடையிலேயே நாக்கு மரத்துப்போகும். அதற்குப் பிறகு எல்லாமே வெறும் தித்திப்புதான். அதைவிட ஸாஹர் டோர்ட்டே என்ற சாக்லேட் கேக் ஒன்றை மட்டும், ஒரே காலையில், ஹோட்டல் ஸாஹரிலும் டெமல் என்ற கேக் கடையிலும் சாப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கேக்குக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள் இவர்கள். 1832-ல் ஆஸ்திரிய சான்சலர் மெட்டர்னிக் விருந்துக்காக இதைச் செய்தவர் 16 வயது ஃபிரான்ஸ் ஸாஹர் என்பது பரம்பரைக் கதை. அவர் மகன் எடுவர்ட் தொழில் கற்றது டெமலில். 1876-ல் சொந்தமாக ஹோட்டல் ஸாஹரைத் திறந்துவிட்டார். உரிமை யாருக்கு என்ற சண்டை 1963-ல்தான் முடிந்தது. ‘ஒரிஜினல்’ என்ற சொல் ஹோட்டலுக்கு. டெமலுக்கு எடுவர்டின் பெயரும் முக்கோண முத்திரையும். ஹோட்டல் கேக்கில் முத்திரை வட்டம்.

நாக்குக்குத் தெரியும் வித்தியாசம் ஆப்ரிகாட் ஜாமில். ஹோட்டலில் கேக்கை நடுவில் அறுத்து ஒரு பூச்சு, மேல் சாக்லேட்டுக்கு அடியில் இன்னொன்று. டெமலில் மேலே மட்டும். அதனால் டெமலில் கேக்கின் சாக்லேட் ருசி முன்னால் வரும், ஹோட்டலில் புளிப்பு.

இதைக் கவனிக்க வேண்டுமானால் முள்கரண்டியை மேலிருந்து நேராக அடிவரை இறக்குங்கள். இரண்டு கடையிலும் துண்டின் நடுப்பகுதியையே எடுங்கள். ஓரத்தில் மேலும் பக்கமும் சாக்லேட் இருப்பதால் அது ஜாமை அமுக்கிவிடும். பக்கத்தில் வைக்கும் சர்க்கரையில்லாத க்ரீமை முதல் மூன்று வாய்க்குத் தொடாதீர்கள், கொழுப்பு நாக்கில் படிந்துவிடும். காப்பியோடு ஒரு தம்ளர் தண்ணீர் வரும், இடையிடையே அதைக் குடியுங்கள்.

‘வறட்டுக் கேக்’ என்று திட்டுகிறவர்களுக்கு: இது அப்படித்தான் இருக்கும். ஹோட்டல் வெளியிட்ட வீட்டுச் செய்முறையில் 140 கிராம் மாவு, 140 கிராம் வெண்ணெய், 130 கிராம் சாக்லேட், 6 முட்டை. பேக்கிங் பவுடர் கிடையாது, அடித்த வெள்ளைக்கருதான் தூக்குகிறது. ஊறவைக்கப் பாகும் ஊற்றுவதில்லை. ஜாமும் க்ரீமும் இருப்பதே அந்த ஈரத்துக்காக.

மேல்பூச்சும் வெறும் உருக்கிய சாக்லேட் அல்ல. 200 கிராம் சர்க்கரையை 125 மில்லி தண்ணீரில் காய்ச்சி, 150 கிராம் சாக்லேட் சேர்த்துக் கிளறுவது. பல்லில் லேசாக நறநறப்பது அந்தப் பாகு பூப்பதால். பாகு இளகலாக இருந்தால் பூச்சு கையில் ஒட்டும். அதிகம் காய்ந்தால் கத்தி பட்டதும் சில்லாக உடையும். வாங்கி வந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கெட்டதுதான்: வெளியே எடுத்ததும் வியர்த்து, பளபளப்புப் போய்விடும், உள்ளே வெண்ணெயும் இறுகிவிடும்.

ஓபரா அரங்கின் பின்புறம் உள்ள ஹோட்டலில் தொடங்கி ஆல்பர்டினா மியூசியம், மிஹேலர்பிளாட்ஸ் சதுக்கம் வழியாகப் போனால் கோல்மார்க்ட் தெருவில் டெமல். பத்து நிமிட நடை. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் இரண்டிலும் வரிசை. ஒரு கடைக்கு இரண்டு பேருக்கு ஒரு துண்டு போதும்.

எஸ்டர்ஹாஸி, டோபோஷ் போன்ற மற்ற கேக்குகள் எல்லாம் மறுநாளைக்கு. இரண்டுமே பட்டர்க்ரீம் அடுக்குகள், இதோடு சேர்த்தால் எதுவும் விளங்காது. டோபோஷ் எப்படியும் புடாபெஸ்ட் சரக்கு, மேலே உள்ள கேரமல் தகடு ஈரம் இழுத்துப் பிசுபிசுத்திருந்தால் வாங்காதீர்கள்.