வெறுங் கிண்ணம்

காசி: மதினி, உள்ள இருக்கீகளா?

பேச்சி: (அம்மியை விட்டுத் திரும்பாமல்) வாங்க தம்பி. கொண்டாந்தீகளா?

காசி: கொண்டாராம வருவேனா?

பேச்சி: மண்ணு போக அலசுனீகளா?

காசி: அலசி, தொடச்சு, துண்டுல சுத்திக் கொண்டாந்திருக்கேன்.

பேச்சி: எம்புட்டு இருக்கும்?

காசி: தலதட்ட அரைப்படி பிடிக்கும்.

பேச்சி: அரைப்படியா? ஒங்க வீட்டுக்காரிகிட்ட ஒரு கைப்பிடிதான கேட்டேன்.

காசி: கைப்பிடி எந்த மூலைக்கு மதினி? வீட்டுல நாலு பேரு இருக்கோம்.

பேச்சி: நாலு பேருக்குமா கழிச்சல்?

காசி: கழிச்சலா?

பேச்சி: (திரும்பிப் பார்த்து) என்ன தம்பி, வெறுங் கிண்ணமா இருக்கு? கீழாநெல்லி எங்க?

காசி: கீழாநெல்லியா? பூண்டு, மிளகு, சீரகம்னு தெருமுனை வரைக்கும் மணக்குது. ஒங்க செவலைக் கோழியவும் ஒரு வாரமா தெருவுல காணோம். ரெண்டையும் சேத்துப் பாத்தேன்.

பேச்சி: சேத்துப் பாத்துட்டுக் கிண்ணத்தத் தூக்கிட்டு வந்துட்டீக. அந்த மூலையில பாருங்க. பல்பு எரியுதுல்ல, அட்டைப்பெட்டி. செவலை அதுலதான் கிடக்கா. சீக்கு. இன்னையோட ஒம்பது நாளு.

காசி: அப்ப இந்த மசாலா?

பேச்சி: பத்து மிளகு, அரைப் பல்லு பூண்டு, பாதிச் சின்ன வெங்காயம், ஒரு சிட்டிகை சீரகம், ஒரு சிட்டிகை மஞ்சள். இதுல நாலு பேருக்குக் கொழம்பு வைப்பாகளா?

காசி: நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். மதினி கை இம்புட்டுச் சுருக்கமான்னு நெனச்சேன்.

பேச்சி: கை சுருக்கமில்ல, கோழி சுருக்கம். ஒன்றரைக் கிலோ இருந்தவ, இன்னைக்குக் காலையில தராசுல ஒரு கிலோ நூறுதான். நெஞ்செலும்பத் தொட்டுப் பாருங்க, அருவா மாதிரி நிக்குது.

காசி: (தொட்டு) ஆத்தாடி, காய்ச்சல் கொதிக்குது! நம்ம காய்ச்சல் மாத்திரையில காவாசி ஒடச்சுக் குடுங்க.

பேச்சி: கோழி ஒடம்பு நல்லா இருக்கும்போதே 41 டிகிரி செல்சியஸ், நம்ம ஒடம்ப விடச் சூடு. ஒங்க கைக்கு ஊருல இருக்க எல்லாக் கோழியும் காய்ச்சக் கோழிதான். கிண்ணத்தக் கீழ வைங்க, கை வலிக்கும்.

காசி: கழுத்து ஏன் இப்பிடி முறுக்கிக்கிட்டு வானத்தப் பாக்குது?

பேச்சி: வெள்ளைக் கழிச்சல். மொத நாலு நாளு பச்சையும் வெள்ளையுமாக் கழிஞ்சா, றெக்கையத் தொங்கப் போட்டுத் தூங்கி விழுந்தா. பெறகு நரம்புல ஏறிருச்சு. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ராணிக்கேத்னாரு.

காசி: ராணிப்பேட்டையா? அங்க தோலுதான பதனிடுறாக?

பேச்சி: ராணிக்கேத்து தம்பி. வடக்க உத்தரகாண்டுல ஒரு மலை ஊரு. இதே சீக்க 1926-ல இங்கிலாந்துல நியூகாசில்ங்குற ஊருல பாத்தாக, அங்க அந்தப் பேரு. ஊருக்கு ஊரு பேரு மாறும். கிண்ணத்தோட வாரவுக மட்டும் மாற மாட்டாக.

காசி: இந்த மருந்துல கேட்டுருமா?

பேச்சி: இது வைரஸ். இதக் கொல்ல மருந்தே கெடையாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. கூட வார கிருமிக்குத்தான் அவரு குடுத்த மருந்து. அரைச்சது ஏதோ நம்ம மனசுக்கும் அவ வாய்க்கும். தாங்கி வாரதும் வராததும் தண்ணி, சூடு, தீனி இந்த மூணுலதான் இருக்கு.

காசி: தண்ணிதான? வாயப் பொளந்து ஒரு மொடக்கு ஊத்திருவோம். எங்க அப்பாரு அப்பிடித்தான் ஊத்துவாரு.

பேச்சி: ஊத்துன கோழி என்னாச்சு?

காசி: செத்துப்போச்சு. சீக்குல.

பேச்சி: தண்ணியில. கோழி நாக்குக்குப் பின்னாடியே நடுவுல ஒரு ஓட்டை இருக்கு, அதுதான் மூச்சுக் கொழா. பொளந்து ஊத்துனா நேரா நுரையீரலுக்குப் போயிரும். ஊசி கழட்டுன சிரிஞ்சு எடுக்கணும். தலைய நேராப் பிடிச்சு, அலகு ஓரத்துல ஒவ்வொரு சொட்டா விடணும். அவளா முழுங்குனா அடுத்த சொட்டு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க பத்து மில்லி. ஓஆர்எஸ் பாக்கெட்டு ஒண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணி, கொறைக்கக் கூடாது. கலக்குனது மறுநாளு ஆகாது, கொட்டிரணும்.

காசி: தீனி?

பேச்சி: மொதல்ல ஒடம்பு சூடாகணும், தண்ணி ஏறணும், பெறகுதான் தீனி. குளுந்து கிடக்க கோழிக்குக் கூழ ஊத்துனா செமிக்காது, இரைப்பையிலயே புளிச்சுப் போகும். கம்பங்கூழு, சிரிஞ்சுல ஏறுற பதத்துக்கு நீத்தமா, ஒரு நாளைக்கு நாலு வேளை. குடுக்க முன்ன கழுத்தடியில இரைப்பையத் தடவணும். போன வேளைக் கூழு அங்கனயே இருந்தா இந்த வேளை கெடையாது.

காசி: மார்கழிக் குளிருக்கு எங்க வீட்டுல ஒரு போர்வைக்கு நாங்க அடிச்சுக்கிறோம். இவளுக்குப் பல்பு.

பேச்சி: 60 வாட்டு குண்டு பல்பு. அடியில விரிச்ச சாக்குல இருந்து ஒன்றரை அடி தள்ளி, பெட்டியில ஒரு பக்கம் மட்டும். சூடு கூடுனா அவ அடுத்த பக்கம் நகரணும். வாயத் தொறந்து எளைச்சா சூடு சாஸ்தின்னு அர்த்தம். சித்திரை வெயில்ல இதச் செஞ்சா கோழி வெந்துரும்.

காசி: வெந்தாத்தான்...

பேச்சி: கிண்ணத்தக் கீழ வைங்கன்னேன்ல?

காசி: வச்சுட்டேன் மதினி. சரி, தீனிச் சட்டி ஏன் இம்புட்டு ஆழம்? வழிய வழிய வேற போட்டிருக்கீக.

பேச்சி: தலை ஆடுதுல்ல, ஒரு கம்பக் கொத்தப் போனா குறி தப்பிரும். குமிச்சு வச்சா எங்க கொத்துனாலும் ரெண்டு கம்பு அலகுல மாட்டும். நேத்துத்தான் தானாக் கொத்துனா. பதினஞ்சு தடவையில நாலு மாட்டுச்சு.

காசி: கழுத்து நேராகுமா?

பேச்சி: ஆனா ஆகும். சிலதுக்கு மாசக்கணக்கா ஆடிக்கிட்டே இருக்கும்.

காசி: பேசாம மொத நாளே அறுத்திருந்தா ஒங்களுக்கும் பாடு இல்ல, எங்களுக்கும்...

பேச்சி: கிண்ணம் நெறைஞ்சிருக்கும். இத்தோட மூணாவது ஆளு தம்பி நீங்க. மொத ஆளு வெறகுக்கு வந்த மாதிரி வந்தாரு. ரெண்டாவது ஆளு வெல கேட்டாரு, பாதி வெல. ஒருத்தரும் கோழி தண்ணி குடிச்சுச்சான்னு கேக்கல. ஒங்களுக்குக் காய்ச்ச வந்தா பாக்க வாரவுக சட்டியோடவா வாராக?

காசி: (செருமிக்கொண்டு) ஊசி கீசி போடலையா மதினி?

பேச்சி: வருசா வருசம் பிப்ரவரியில ரெண்டு வாரம் காசில்லாமப் போடுறாக. எட்டு வாரம் தாண்டுன கோழிக்கு றெக்கைக்கு அடியில ஒரு குத்து. மூணுக்குப் போட்டேன். இவ மட்டும் படப்புக்குள்ள அடையில கிடந்தா, ஆப்பிடல. அந்த மூணும் கொல்லையில மேயுது, இவ இப்பிடிக் கிடக்கா.

காசி: ஊசி போட்டா முட்டை வைக்காதுன்னாகளே?

பேச்சி: செத்த கோழி எத்தனை வைக்குதாம்?

காசி: அப்ப இப்பப் போட்டா?

பேச்சி: சீக்கு வந்த பெறகு ஊசி எதுக்கு? அது நல்லா இருக்க கோழிக்கு. சரி, போகும்போது அந்தச் சோப்புத் தண்ணியில கையக் கழுவிட்டு, செருப்பையும் அலசிட்டுப் போங்க. கையில, கால்ல ஒட்டிக்கிட்டே ஒங்க வீட்டுக் கோழிக்கு வந்துரும்.

காசி: எங்க வீட்டுல ஏது கோழி? ஒரு இருபது நாளைக்கு முன்னாடியே எல்லாம் தூங்கி விழ ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு செத்துச்சு, கம்மாக்கரையில வீசிட்டேன். மிச்சம் அஞ்சையும் தலை தொங்குறதுக்குள்ள சந்தையில தள்ளிட்டேன்ல.

பேச்சி: (அரைப்பதை நிறுத்தி) பச்சையாக் கழிஞ்சுச்சா?

காசி: பச்சையும் வெள்ளையுமா.

பேச்சி: கம்மாக்கரையில வீசுனது எப்ப?

காசி: அது ஒரு... செவலை மேயப் போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன இருக்கும்.

பேச்சி: மூணடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் பொதைக்கிறதுக்கு ஒங்களுக்குக் கை வரல. கிண்ணம் தூக்க மட்டும் வருது.

காசி: தெரியாமப் போச்சு மதினி.

பேச்சி: அந்த அஞ்சையும் வாங்கிட்டுப் போனானே, அவன் வீட்டு வாசல்ல இந்நேரம் எத்தன பேரு கிண்ணத்தோட நிக்கிறாகளோ.

காசி: நான் வாரேன் மதினி.

பேச்சி: கீழாநெல்லியோட வாங்க. வரும்போது மம்பட்டியவும் எடுத்துக்கிருங்க, கம்மாக்கரையில வேலை கெடக்கு.