பேராசை யாருடையது?

நுகர்வுக் கலாச்சாரம் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் பழி நம் தலையில்தான் வந்து விழுகிறது. "மனுஷனுக்குப் பேராசை பிடித்துவிட்டது, போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று எழுதியவர் நிம்மதியாகப் போய்விடுகிறார். படித்தவரும் ஒரு லைக் போட்டுவிட்டு அடுத்த விளம்பரத்துக்கு நகர்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆசை எல்லாக் காலத்திலும் இருந்ததுதான். அதைத் திட்டம் போட்டு உற்பத்தி செய்கிற தொழில்தான் புதிது. அதற்கு ஆண்டும் பெயரும் உண்டு.

1924இல் ஜெனீவாவில் ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு நிறுவனங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. பீபஸ் கூட்டணி என்று வரலாற்றில் இதற்குப் பெயர். அதற்கு முன் 1,500, 2,000 மணி நேரம் எரிந்த பல்புகள் இனி 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று முடிவானது. அதற்கு மேல் எரியும் பல்பைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதம்! ஆயுள் குறைந்தால் வெளிச்சம் கூடும் என்று தொழில்நுட்பக் காரணமும் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வெளிச்சத்துக்காக மட்டும் என்றால் அபராதம் எதற்கு?

பல்பாவது எரிந்து அணைகிறது. நன்றாக ஓடும் காரை எப்படி மாற்ற வைப்பது? ஃபோர்டின் மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரானது. அதில் பல ஆண்டுகள் கறுப்பு நிறம் மட்டுமே. அதை முந்த ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் பிடித்த வழி, ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றுவது. நீங்கள் ஓட்டுவது பழசு என்று தெருவே பார்த்துச் சொல்லிவிடும். கையில் பணமில்லையா, தவணைக் கடன் கொடுக்க 1919இலேயே தனியாக ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்த சார்லஸ் கெட்டரிங் 1929இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, வாடிக்கையாளரை அதிருப்தியிலேயே வைத்திருங்கள் என்று பொருள்படும். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

சரி, கார் பல்பு எல்லாம் பொருளாதாரம், பண்பாட்டுக்கு என்ன வந்தது? அதற்கு வைரத்தைப் பார்க்க வேண்டும். 1947இல் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துக்காக ஒரு விளம்பர நிறுவனம் வைரம் நிரந்தரம் என்ற வாசகத்தை உருவாக்கியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1967இல், அதே பிரசாரத்தை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் போடும் வழக்கம் அங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை, நூறு பேரில் ஐந்து பேர்கூட வாங்கவில்லை. 1981க்குள் அது அறுபது ஆகிவிட்டது. பதினான்கே ஆண்டுகளில் ஒரு சம்பிரதாயம் பிறந்து, வளர்ந்து, கட்டாயமும் ஆகிவிட்டது. அந்தத் தலைமுறை திடீரென்று பேராசைக்காரத் தலைமுறையாகிவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்த "கட்டாயம்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பகட்டுக்காகச் செலவு செய்வதைப் பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899லேயே எழுதிவிட்டார். அவர் பார்த்தது பணக்காரர்களின் பகட்டை. இன்று வாங்குபவர்களில் பாதிப் பேருக்குப் பகட்டில் ஆர்வமே இல்லை என்பது என் எண்ணம். தலைகுனிவுக்குப் பயந்து வாங்குகிறார்கள். மோதிரம் வழக்கமான பிறகு மோதிரம் இல்லாதவன் காரணம் சொல்ல வேண்டியவனாகிறான். பிறந்தநாளுக்குப் பரிசு வாங்காமல் நேரில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் அது கஞ்சத்தனம். பிள்ளையின் பழைய பை நன்றாகவே இருந்தாலும், புதுப் பை இல்லாமல் அனுப்பினால் வீட்டில் ஏதோ கஷ்டம் என்று அர்த்தம். வாங்காமல் இருப்பதற்கு விளக்கம் கேட்கிற சமூகத்தில் கடன் வாங்கியாவது வாங்குவார்கள். அதை ஆசை என்று சொல்வது அநியாயம்.

இன்னொன்றும் சத்தமில்லாமல் போய்விட்டது, இரவல். ஆண்டுக்கு இரண்டு முறை தேவைப்படும் ஏணியும் துளையிடும் இயந்திரமும் இன்று ஒவ்வொரு வீட்டிலும் தூசு படிந்து கிடக்கின்றன. பக்கத்து வீட்டில் கேட்பது கௌரவக் குறைச்சல், வாங்குவது சுலபம். ஆனால் கேட்கப் போகிற சாக்கில் வாசலில் நின்று பேசிய பேச்சையும், திருப்பிக் கொடுக்கப் போகும்போது கேட்ட நலம் விசாரிப்பையும் எந்தக் கடையிலும் விற்பதில்லை. பழுது பார்க்கிறவரும் அப்படித்தான். திருகாணி இருந்த இடத்தில் பசை போட்டு ஒட்டிவிட்டால் அவருக்கு என்ன வேலை? ஒரு கைத்தொழிலே நம் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் குவித்தது. அதில் முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது கால்வாசிகூட இல்லை.

அப்புறம் கைப்பேசி வந்தது. முன்பெல்லாம் ஒன்றை விரும்பினால் அது கைக்கு வருவதற்குள் மனம் மாற இடம் இருந்தது. கடைக்குப் போக வேண்டும், பணம் எண்ண வேண்டும், வீட்டில் யாராவது "இது எதுக்கு இப்போ?" என்று கேட்பார்கள். ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999இல் அமெரிக்காவில் காப்புரிமையே பெற்றது. நாம் யோசிக்கிற அந்தச் சில நிமிடங்களைத்தான் குறைபாடாகக் கருதி அகற்றினார்கள்.

இதைச் சொல்வதால் பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரம் எத்தனையோ பெண்களின் முதுகெலும்பைக் காப்பாற்றியிருக்கிறது. எளிமையாக வாழச் சொல்லி அறிவுரை தருபவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் வாங்கி முடித்தவர்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

அறிவுரையைவிடச் சட்டத்தில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை பிரான்ஸ் 2015இல் குற்றமாக்கியது. மென்பொருளைப் புதுப்பித்தால் பழைய ஐபோன் மந்தமாகக்கூடும் என்பதைச் சொல்லாததற்காக 2020இல் ஆப்பிள் அங்கே 2.5 கோடி யூரோ கட்ட வேண்டி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், ஒரு கைப்பேசி மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு அதன் உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் 2007இல் தெரு விளம்பரப் பலகைகளை மொத்தமாக இறக்கிவிட்டது.

இவற்றில் ஒன்றை மட்டும் கேள் என்றால் நான் கேட்பது வேறு. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கு கனடாவின் கியூபெக் மாகாணம் 1980இலும், தொலைக்காட்சியில் ஸ்வீடன் 1991இலும் தடை போட்டன. விளம்பரம் எது, கதை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத வயது அது. ஆனால் இன்றைய பிள்ளைகள் தொலைக்காட்சியை எங்கே பார்க்கிறார்கள்? இன்னொரு பிள்ளை பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் காணொளியைத்தான் மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். அதை விளம்பரக் கணக்கில் சேர்ப்பதா, விளையாட்டுக் கணக்கில் சேர்ப்பதா என்பதைத்தான் இப்போது சண்டை போட்டாவது தீர்க்க வேண்டும்.