போட்டோ மாதிரி இல்லாவிட்டால் ஓவியம் இல்லையா?

கொழும்பில் கலாபொல என்ற தெருவோர ஓவியச் சந்தை நடக்கும் நாளில் கிறீன் பாத்தில் நடந்தால் ஒரு வசனம் கட்டாயம் காதில் விழும்: "இதை எங்கட பிள்ளையும் கீறும்." நவீன ஓவியம் பற்றி நம்மவர்களின் விமர்சனம் அநேகமாக அதோடு முடிந்துவிடும். முகம் முகம் மாதிரி இல்லை, கை கோணல், ஆகவே கீறத் தெரியாதவர் கீறியது.

எனக்கு விளங்காத விஷயம், இதே ஆட்கள் நாலு கையோடு ஒற்றைக் காலில் நிற்கும் நடராசரைப் பார்த்து ஒருநாளும் இப்படிக் கேட்பதில்லை. சோழர் காலச் சிற்பிக்கு மனித உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியாமலா நாலு கை வைத்தான்? உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும் என்ற ஆசை நமக்குப் பழையதே இல்லை. வெள்ளவத்தைக் கடைகளில் தொங்கும் காலண்டர் லட்சுமி, சரஸ்வதி எல்லாம் ரவி வர்மாவின் வாரிசுகள். ஐரோப்பிய எண்ணெய் வர்ண முறையைக் கற்று நம் தெய்வங்களை வரைந்தவர் அவர். 1894இல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் போட்டு வீடு வீடாக அனுப்பினார். நாம் மரபு என்று பிடித்துக்கொண்டிருப்பதுதான் இறக்குமதிச் சரக்கு. அதுவும் பாரிஸ்காரர்கள் கைவிடத் தொடங்கிய பிறகு நமக்கு வந்து சேர்ந்தது.

அவர்கள் ஏன் கைவிட்டார்கள்? 1839இல் புகைப்படம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. முகத்தை அச்சொட்டாகப் பதிவு செய்யும் வேலை ஓவியனின் கையைவிட்டுப் போகத் தொடங்கியது. 1841இல் தகரக் குழாயில் அடைத்த வர்ணம் வந்தது. அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். குழாயைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறி, ஆற்றங்கரையிலேயே இருந்து வரைய முடிந்தது. வெயில் நகர்வதற்குள் முடிக்க வேண்டும், ஆகவே தூரிகை வேகமாக ஓடியது. மூன்றாவது காரணம், பிரான்ஸ் அரச கண்காட்சிக்கு ஓவியங்களைத் தெரிவு செய்த நடுவர்கள். 1863இல் அவர்கள் தள்ளிவிட்ட ஓவியங்கள் அத்தனை அதிகம் என்பதால், பேரரசர் மூன்றாம் நெப்போலியனே அவற்றுக்குத் தனி மண்டபம் கொடுக்க வேண்டிவந்தது. மனேயின் புல்வெளி விருந்து ஓவியத்தைப் பார்த்து பாரிஸ் சிரித்தது அங்கேதான். 1874இல் மோனேயும் கூட்டாளிகளும் நடுவரே வேண்டாம் என்று சொந்தமாகக் கண்காட்சி வைத்தார்கள். இடம், நாடார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோ!

என்னைக் கேட்டால் நவீன ஓவியத்தின் அடையாளம் கோணலில் இல்லை, ஒளிக்காமல் இருப்பதில் இருக்கிறது. இது தட்டையான துணி, இதில் வர்ணம் பூசியிருக்கிறேன், இப்படித்தான் நான் பார்த்தேன் என்று ஓவியன் வெளிப்படையாகச் சொல்கிறான். செசானின் ஆப்பிள் ஓவியங்களில் மேசை விளிம்பு, மேசையில் விரித்த துணிக்கு இந்தப் பக்கம் ஓர் உயரத்திலும் அந்தப் பக்கம் வேறு உயரத்திலும் இருக்கும். நேர்கோடு போடத் தெரியாமல் இல்லை. நம் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைந்து அசைந்துதான் பார்க்கிறது, அதை வரைந்திருக்கிறார். பிக்காசோவும் பதினைந்து வயதுக்குள்ளேயே பழைய பாணியில் குறை சொல்ல முடியாதபடி வரைந்தவர். அப்புறம்தான் 1907இல் முகங்களை உடைத்தார். அதற்கு ஆபிரிக்க முகமூடிகள் உதவின. அவருக்கு முந்தியவர்களுக்கு யப்பானிய மரஅச்சு ஓவியங்கள். ஆகவே முழுக்க மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்வதும் சரியில்லை.

அதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்கச் சொல்லவில்லை. மாலெவிச் என்ற ஓவியரின் கறுப்புச் சதுரம் ஓவியம் இன்றுவரை என்னை அசைத்ததில்லை. ஹோட்டல் லொபிகளில் சோபா நிறத்துக்குப் பொருத்தமாகத் தொங்குபவை வெறும் அலங்காரம்.

கொழும்புக் கதையிலும் ஒரு புகைப்படக்காரர் நடுவில் நிற்கிறார். இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1943 ஓகஸ்டில், லயனல் வென்ட் வீட்டில் கூடிய ஓவியர்கள்தான் '43 குழு. ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, விகாரைச் சுவரோவியங்களைப் படியெடுத்துத் திரிந்த மஞ்சுசிறி. இங்கிலாந்துப் பாணியில் இயற்கைக் காட்சி வரைவதே கலை என்றிருந்த வட்டாரத்தோடு முறித்துக்கொண்டார்கள். வென்ட் அடுத்த வருடமே 44 வயதில் போய்விட்டார். குழு நிற்கவில்லை, 1953இல் பாரிஸிலேயே கண்காட்சி வைத்தது. இவர்களைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது மிகக் குறைவு. வென்ட் அரங்கில் நாடகம் பார்க்கும் நம்மவர் பலருக்கு அந்தப் பெயருக்குரியவர் யார் என்றே தெரியாது. யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்குவைக் கூட இலக்கியக்காரர்கள்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியங்கள் பொரளை கோதமி விகாரையில் இருக்கின்றன, 1939-40இல் வரைந்தவை. பஸ்ஸில் போகலாம். வழிபாட்டிடம், ஆகவே அதற்கேற்ற உடையில் போங்கள், படம் எடுக்க முதல் கேளுங்கள். பார்ன்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸின் வீடு சபுமல் மன்றம் என்ற ஓவியக்கூடமாக இருக்கிறது. அங்கே போக முதல் ஒரு கோல் எடுத்துக் கேட்பது நல்லது.