ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கமா? இல்லை

மெக்சிகோ நகரின் பல்கலைக்கழக ஒலிம்பிக் அரங்கம் 1968 ஒலிம்பிக் போட்டிக்காகவே கட்டப்பட்டது, வாசலில் உள்ள தீப்பந்தச் சிற்பம் அதன் நினைவாகச் செதுக்கியது என்று படத்தோடு ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

மெக்சிகோ தேசிய தன்னாட்சிப் பல்கலைக்கழகம் தன் புதிய வளாகத்தின் பகுதியாகக் கட்டிய அரங்கம் இது. திறந்தது 1952 நவம்பரில். 1955-இலேயே பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்துவிட்டன. மெக்சிகோவுக்கு ஒலிம்பிக் வாய்ப்பு கிடைத்ததோ 1963-இல்தான்.

சரி, அந்தச் சிற்பம்? அது மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேராவின் படைப்பு. அவர் 1957-இலேயே காலமாகிவிட்டார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதில் சாயமே பூசவில்லை என்பது தெரியும். நிறமெல்லாம் பதித்த கற்களின் இயற்கை நிறம். நடுவில் தாய், தந்தை, குழந்தை. இருபுறமும் விளையாட்டு வீரர்கள். கீழே இறகுப் பாம்பு. அரங்கம் முழுவதையும் சுற்றிச் செய்ய நினைத்தார், முன்பக்கம் மட்டுமே முடிந்தது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அப்புறம், மரடோனா கையால் கோல் போட்டதும் இங்கேதான் என்று அதே செய்தி சொல்கிறது. அது இதே நகரின் இன்னொரு அரங்கமான அஸ்டெக்காவில் நடந்தது. 1986 உலகக் கோப்பையில் அவர் இங்கே ஆடியது தென் கொரியாவுடனும் பல்கேரியாவுடனும். இரண்டிலும் அர்ஜென்டினாவே வென்றது.

1968 ஒலிம்பிக்கின் தொடக்க விழாவும் தடகளப் போட்டிகளும் இங்கே நடந்தது உண்மை. அமெரிக்க வீரர் பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டியது இந்த மண்ணில்தான்.