கிலோ விலையில் ஸ்ரீகாந்த்

(சென்னை வில்லிவாக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. காலி செய்யப்பட்ட வீடொன்றிலிருந்து காலையில் வந்திறங்கிய மூட்டைகளுக்கு நடுவே, தனியார் நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்க்கும் சுந்தரம் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல மூடி வைக்கிறார்.)

அண்ணாச்சி: வேண்டாத பொருள் என்றால் நீங்கள் நின்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்பீர்கள், சார். வேண்டிய பொருளைத்தான் இப்படிச் சட்டென்று மூடுவீர்கள். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

சுந்தரம்: பெரிதாக ஒன்றுமில்லை, அண்ணாச்சி. யாரோ பிள்ளைகள் விளையாடிப் போட்ட அட்டைகள். இந்தப் பழைய நோட்டுகளோடு சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டால் நான் நடையைக் கட்டிவிடுவேன்.

அண்ணாச்சி: நோட்டு எதற்கு? போன தடவையும் ஒன்றரைக் கிலோ அல்ஜீப்ரா நோட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிறவர் யார்?

சுந்தரம்: யாரும் இல்லை. அதில் ஒரு நோட்டின் உள்பக்கத்தில், பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் வீரர் ஸ்ரீகாந்த் படம் ஒட்டியிருந்தது. அந்தப் படத்தை மட்டும் கேட்டால் நீங்கள் விலை சொல்வீர்கள். நோட்டைக் கேட்டால் எடை போடுவீர்கள்.

அண்ணாச்சி: படத்துக்காகவா ஒன்றரைக் கிலோ கணக்கைச் சுமந்தீர்கள்?

சுந்தரம்: வீட்டில் என் சொந்தச் செலவுக்கென்று ஒதுக்கியிருப்பது மாதம் 300 ரூபாய். அதற்குள்தான் முடிவெட்டும் வருகிறது, இந்தச் சேகரிப்பும் வருகிறது. ஆகையால் உலகத்து வீரர்களையெல்லாம் விட்டுவிட்டு, தமிழ்நாட்டு வீரர்கள் மட்டும் போதும் என்று எல்லை கட்டிக்கொண்டேன். டெண்டுல்கர் அட்டைக்கு ஊரே அடித்துக்கொள்ளும், டபிள்யூ. வி. ராமன் அட்டையை எவரும் தேடுவதில்லை. தென்னாப்பிரிக்க மண்ணில் ஒருநாள் போட்டியில் சதமடித்த முதல் இந்தியர் அவர்தான், 1992இல். அந்த விவரம் தெரியாதவர்கள் இருக்கிற வரைக்கும் என் 300 ரூபாய் தாக்குப்பிடிக்கும்.

அண்ணாச்சி: சரி, எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவோடு 20 ரூபாய். எச்சில் மிட்டாயோடு வந்த காகிதத்துக்கு இதுவே அதிகம்.

சுந்தரம்: (டப்பாவை எடுத்தவர், மனம் பொறுக்காமல் கீழே வைத்து) எச்சில் மிட்டாய்க் காகிதம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் டாப்ஸ் என்ற நிறுவனம் 1952இல் பேஸ்பால் வீரர்களின் அட்டைகளைப் பபுள்கம்மோடு சேர்த்து விற்றது. அதில் 311ஆம் எண்ணுள்ள மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022ஆம் ஆண்டு ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது தெரியுமா? ஒரு கோடியே 26 இலட்சம் டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 100 கோடி ரூபாய்!

(அண்ணாச்சி எழுந்து வந்து, டப்பாவைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் உட்காருகிறார்.)

அண்ணாச்சி: 5,000 ரூபாய்.

சுந்தரம்: அண்ணாச்சி! அது பேஸ்பால், இது கிரிக்கெட்.

அண்ணாச்சி: இரண்டையும் மட்டையால்தானே அடிக்கிறார்கள்? அதுவும் பபுள்கம், இதுவும் பபுள்கம். அதுவும் பழசு, இதுவும் பழசு.

சுந்தரம்: பழசாகிவிட்டால் மட்டும் விலை ஏறிவிடாது. இங்கிலாந்தில் சிகரெட் பெட்டி நசுங்காமல் இருப்பதற்காக உள்ளே வைத்த அட்டையில்தான் பிறகு படம் அச்சிடத் தொடங்கினார்கள். பிளேயர்ஸ் நிறுவனம் 1938இல் 50 கிரிக்கெட் வீரர்களின் படங்களை வெளியிட்டது, பிராட்மன் உட்பட. அவற்றை ஏராளமாக அச்சடித்துத் தள்ளியதால், இத்தனை வயதாகியும் அவற்றில் பெரும்பாலானவை மலிவாகவே கிடைக்கின்றன. அமெரிக்காவிலும் 1980களின் கடைசியில், பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நம்பிப் பெட்டி பெட்டியாக அட்டை வாங்கிப் பரணில் ஏற்றினார்கள். நிறுவனங்களும் சளைக்காமல் அச்சடித்தன. பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போனார்கள்; அட்டையின் விலை மட்டும் ஏறவில்லை.

அண்ணாச்சி: அப்படியானால் அந்த 100 கோடி அட்டை மட்டும் எப்படித் தப்பித்தது?

சுந்தரம்: அது 1952இல் கடைசியாக வந்த வரிசையைச் சேர்ந்தது; அந்த வரிசை விற்காமல் கிடங்கில் தேங்கிவிட்டது. கிடங்கில் இடமில்லை என்று 1960 வாக்கில் மிச்சமிருந்த பெட்டிகளைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாக, டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கரே பிற்காலத்தில் சொன்னார்.

அண்ணாச்சி: (தாங்க முடியாமல்) கடலிலா? படகு வாடகையும் கொடுத்து, ஏற்றுக்கூலியும் கொடுத்து, நல்ல அட்டையைத் தண்ணீரில் போட்டார்களா? அந்த ஊரில் பழைய பேப்பர் கடை ஒன்றுகூடவா இல்லை? அரை விலைக்குக் கேட்டிருந்தால்கூட வண்டி அனுப்பி எடுத்திருப்பேனே!

சுந்தரம்: கொட்டியதால்தான் அட்டை அரிதாகி, இந்த விலை வந்தது.

அண்ணாச்சி: (சிறிது யோசித்து) சார், உங்களிடம் வீட்டில் இதேபோல எத்தனை படம் இருக்கிறது?

சுந்தரம்: ஓர் ஆல்பம் நிறைய இருக்கிறது. எதற்குக் கேட்கிறீர்கள்?

அண்ணாச்சி: இந்த டப்பாவை நான் வில்லிவாக்கம் ஏரியில் கொட்டிவிட்டால், உங்கள் ஆல்பத்துக்கு விலை ஏறும் அல்லவா? கொட்டுகிற கூலியாக 300 ரூபாய் கொடுத்துவிடுங்கள். டப்பாவை வாங்கவும் வேண்டாம், சுமக்கவும் வேண்டாம்.

சுந்தரம்: ஐயையோ, விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீர்கள். திறந்து ஒரு தடவை நன்றாகப் பாருங்கள், நான் சொல்வது புரியும். அட்டைகளுக்கு மதிப்பெண் போடுவதற்கென்றே அமெரிக்காவில் நிறுவனங்கள் இருக்கின்றன. மூலை கூராக இருக்கிறதா, ஓரம் தேய்ந்திருக்கிறதா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா, மேலே கீறல் உண்டா என்றெல்லாம் பார்த்து ஒன்றிலிருந்து பத்து வரை போடுவார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் விலை சில சமயம் பல மடங்கு தாவும். இதோ பாருங்கள், ஸ்ரீகாந்தின் நான்கு மூலையும் மழுங்கிவிட்டது; போதாக்குறைக்குப் பால்பாயிண்ட் பேனாவால் யாரோ மூக்குக்கண்ணாடி வேறு வரைந்திருக்கிறார்கள். இதற்கு ஒரு மதிப்பெண் கிடைத்தாலே பெரிது.

அண்ணாச்சி: கண்ணாடி போட்டால் செலவு கூடத்தானே செய்யும்? நீங்கள் என்ன குறைக்கச் சொல்கிறீர்கள்?

சுந்தரம்: 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இரண்டு அணியிலும் சேர்த்து அதிகமாக 38 ரன் எடுத்தவர், அண்ணாச்சி. அவர் முகத்தில் போய்க் கண்ணாடி வரைவதா என்று எனக்கே வயிறு எரிகிறது. ஆனாலும் இந்த மாதிரி அட்டையைத்தான் நான் தேடித் தேடி வாங்குகிறேன். பணமுள்ளவன் பத்து மதிப்பெண்ணை வாங்கட்டும். எனக்கு முகம் தெரிந்தால் போதும். பிரிக்காத பாக்கெட்டையும் நான் தொடுவதில்லை. அது லாட்டரிச் சீட்டு; உள்ளே யார் இருப்பார் என்று தெரியாது. ஆல்பம்கூட என் கல்யாண ஆல்பம்தான்.

அண்ணாச்சி: கல்யாணப் படங்கள் எங்கே போயின?

சுந்தரம்: என் மாமியார் வீட்டுப் பக்கத்துப் படங்களை ஒரே உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது தெரிய வருகிற அன்றைக்கு இந்த 300 ரூபாயும் இருக்காது.

அண்ணாச்சி: உங்களைப் போல ஒருவர் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா?

சுந்தரம்: இருந்தார். அமெரிக்காவில் சிரக்கியூஸ் நகரத்து மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை செய்த ஜெபர்சன் பர்டிக். கைவிரல்களை முடக்கிய மூட்டுவாதத்தோடு, தொழிற்சாலைச் சம்பளத்தில், 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப்பொருள்களைச் சேர்த்தார். அவற்றில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் ஏறத்தாழ 30,000. ஒன்றையும் விற்கவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அங்கே போய் உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். இரண்டு மாதத்தில் இறந்துபோனார்.

(அண்ணாச்சி பதில் சொல்லாமல் டப்பாவைத் திறந்து, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். ஒன்றில் விரல் நிற்கிறது.)

அண்ணாச்சி: இது சிவராமகிருஷ்ணன் அல்லவா? 1984இல் பம்பாய் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறு விக்கெட் எடுத்தாரே. பையனுக்கு அப்போது 18 வயதுதான். முதலாளிக்குத் தெரியாமல் சாக்கு மூட்டைக்குப் பின்னால் டிரான்சிஸ்டரை வைத்துக் கேட்டேன். (அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.) மிச்சத்தை 150 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சுந்தரம்: அண்ணாச்சி, என்னிடம் இல்லாதது அது ஒன்றுதான்!

அண்ணாச்சி: அதை எடுத்தபோதுதான் நீங்கள் முதன்முதலாகப் பேச்சை நிறுத்தினீர்கள், அப்போதே தெரிந்துவிட்டது.

சுந்தரம்: 200 ரூபாய் தருகிறேன். முடிவெட்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி: நீங்கள் சடை வளர்த்தாலும் தர மாட்டேன். பணம் வேண்டாம். உங்களிடம் இரண்டு இரண்டாகக் கிடக்கும் படங்கள் என்னென்ன என்று எழுதிக்கொண்டு வாருங்கள், மாற்றிக்கொள்ளலாமா என்று பார்ப்போம். வெங்கட்ராகவன் இருந்தால் முதலில் எழுதுங்கள்.

சுந்தரம்: நீங்களுமா, அண்ணாச்சி?

அண்ணாச்சி: மெதுவாகப் பேசுங்கள் சார், பேப்பர் போட ஆள் வருகிறது. அவர் காதில் அந்த 100 கோடிக் கதை மட்டும் விழக்கூடாது.